புஸ்பத்தின் பின்னலைப் பிடித்த கை

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நடந்தது. படுவான்கரையில், வாவியோரம், தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக் காலத்தில். புஸ்பம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று நல்ல பகல். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எவன் சொன்னானோ, அவன் அந்த வருடத்துப் பகல்களைப் பார்த்ததில்லை. புஸ்பம் அடுப்பில் சோற்றுப் பானையை வைத்திருந்தாள். தோளில் துவக்கோடு சிலர் வளவுக்குள் வந்தார்கள். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள், புஸ்பத்தை மறந்துவிடுவீர்கள்.

அவர்கள் போன பிறகு எழுந்தாள். கிழிந்த சட்டையைப் பொத்திக்கொண்டு நேரே கிணற்றடிக்கு நடந்தாள். அவள் வளவுக்கும் கண்ணகையின் வளவுக்கும் நடுவே இருந்த பொதுக் கிணறு. கண்ணகை பக்கத்து வீட்டுக்காரி, வாய்க்காரி, புஸ்பத்துக்கு உடன்பிறவா அக்கா. ஊர் வெறிச்சென்று கிடந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை.

கிணற்றுக் கட்டில் ஏறினாள். குனிந்தாள்.

யாரோ பின்னலைப் பிடித்து இழுத்தார்கள்.

"இதுக்குள்ள இடமில்லகா. போ. சோறு அடிப்பிடிக்குது."

கண்ணகையின் குரல். மண்ணில் விழுந்த புஸ்பம் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை... துலாக்கயிறு மட்டும் ஆடியது. கிறீச்... கிறீச்...

அக்கா வேலிக்குள்ளால் ஓடிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். போய்ச் சோற்றை இறக்கினாள். சாப்பிட்டாள். ஆம், சாப்பிட்டாள். பசித்தது. முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் கவனித்தாள்... முதுகு ஈரம். பின்னல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் இன்னும் குளிக்கவே இல்லை.

மாலையே ஊர் ஓடியது. தோணியில் வாவியைக் கடந்து, புளியந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். கண்ணகை வரவில்லை. வாகரையில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பாள் என்றார்கள். அக்காவைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழவேண்டும் என்று புஸ்பம் மாதக்கணக்காகக் காத்திருந்தாள்.

அங்கே தங்கராசா மாஸ்டர் வந்தார். கதை எழுதுகிறவர். நடந்ததைச் சொல்லு புள்ள, உலகம் அறியட்டும் என்றார். பெற்ற தாயிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். அந்தக் கையைச் சொன்னாள், சோற்றையும் சொன்னாள்.

கதை ஒரு பத்திரிகையில் வந்தது. பேரை மட்டும் மாற்றியிருந்தார், ஊருக்குத் தெரியாதா? அதில் அவள் கிணற்றில் குதித்து மானம் காத்தாள். வாசித்தவர்கள் செத்த புஸ்பத்துக்காகத் தேம்பித் தேம்பி அழுதார்கள். நிவாரணப் பால்மா வரிசையில் உயிரோடு நின்ற புஸ்பத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"ஏன் சேர் என்னைச் சாகவச்சீங்க?"

"கதைக்கு அதுதான் புள்ள அழகு."

"அந்தக் கை?"

"அது பேய்க்கதையாப் போயிடும். ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

அடுத்த வருடம் ஊர் திரும்பியது. முதல் வேலை கிணறு இறைப்பது. யாரும் கேட்கும் முன்பே, நான் இறங்குறன் என்று கனகசிங்கம் முன்னால் வந்தார். கிணற்றுக்கு மற்றப் பக்கத்து வளவுக்காரர். ஏன் அவ்வளவு அவசரம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வாளி மேலே வந்தது. சேறு.

மறுபடி வந்தது. எலும்பு... அதோடு ஒரு பித்தளைக் காப்பு.

கண்ணகையின் காப்பு.

கனகசிங்கம் மேலே ஏறி நிலத்தில் குந்திவிட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அண்டைக்கு நான் பத்தைக்குள்ள ஒளிச்சிருந்தனான். அவட வளவுக்குத்தான் முதல்ல வந்தானுகள். அவ ஓடிவந்து குதிச்சத என்ட கண்ணால கண்டன். வெளிய வர எனக்குத் தைரியமில்ல."

"மறுகா? அதுக்குப் பிறகு?" என்றாள் புஸ்பம்.

"மறுகாதான் உன்ட வளவுக்குள்ள வந்தானுகள் புள்ள."

புஸ்பத்தின் கை தன்னாலே பின்னலைத் தொட்டது.

மறுநாள் காலை மாஸ்டர் வீட்டுக்குப் போனாள்.

"கண்ணகை அக்காவ எழுதுங்க சேர். குதிச்சது அவ. என்னக் காப்பாத்தினதும் அவதான்."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கதையச் சேத்த புத்தகம் அச்சுக்குப் போயிட்டு. இனி அதுக்குள்ள இடமில்ல புள்ள."

கிணற்றடியில் கேட்ட அதே சொல்.

சொட்...

சொட்...

மாஸ்டர் கண்ணாடியை மாட்டி நிமிர்ந்தார். அவர் புஸ்பத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்.

புஸ்பம் திரும்பவில்லை. யார் என்று அவளுக்குத் தெரியும்.

புத்தகம் வந்தது. கதையில் ஒரு வரியும் மாறவில்லை. மேடை போட்டுப் பரிசும் கொடுத்தார்கள். ஆனால் புஸ்பம் வந்துபோன அந்த வாரமே மாஸ்டர் தம் வீட்டுக் கிணற்றை இரும்புத் தகட்டால் மூடிவிட்டார். குடிக்கவும் குளிக்கவும் தெருக்குழாய்த் தண்ணீர்தான். ஏன் என்று இன்றுவரை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.