பொறுக்காமல் விட்ட பேரிக்காய்

எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன், அவ்வளவுதான். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். இதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் அந்த மனுவை எழுதியது என் கை. அதனால் இதையும் நானே எழுத வேண்டியிருக்கிறது. படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

சேலத்துக்கு மேலே மலையில், வாழவந்தி போகிற வழியில், ஓர் எஸ்டேட்டை ஒட்டிக் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகள். காப்பிச் செடிகளுக்கு நடுவே பேரி மரங்கள் நிறைய. ஆடியிலும் ஆவணியிலும் காற்றும் மழையும் சேர்ந்து காய்களை உதிர்த்துத் தள்ளும். மரத்தில் இருப்பது சேலத்துக் குத்தகைக்காரருடையது. தரையில் விழுந்தது பொறுக்குகிறவர்களுடையது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. என் அம்மா பொறுக்கினார், அவருக்கு முன்னால் இருந்தவர்களும் பொறுக்கினார்கள். விடியும்போது கூடையோடு போய், எட்டு மணி சங்குக்கு முன்னால் வந்துவிட வேண்டும். அது ஒன்றுதான் கட்டுப்பாடு.

காப்பிப் பழம் எடுக்கிற வேலை கார்த்திகையில்தான் தொடங்கும். அதுவரை கூலி வேலை அரிது. அந்த இரண்டு மாதமும் பேரிக்காய்தான் அடுப்பை எரிய வைக்கும். நல்ல காயை ஏரிக்கரையில் கூறு கட்டி விற்பார்கள். அடிபட்டதை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வேகவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அழுகினது மாட்டுக்கு. தரை துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

எங்களில் இதை நம்பியே இருந்தவர் மேல்காட்டு அக்கா. இந்த மலையிலேயே பூர்வீகமாக இருக்கிற மலைக்காரர், கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். துண்டு நிலத்தில் சாமை போடுவார். அது அறுவடைக்கு வரும்வரை பேரிக்காய் விற்றுத்தான் அரிசி வாங்குவார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் என் ஞானத்தந்தை. ஞானஸ்நானத்தின்போது என்னைக் கையில் ஏந்தி நின்றவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். என் அப்பா இறந்த பிறகு பள்ளிக்கூடத்தில் பேசி என்னைத் தொடர்ந்து படிக்க வைத்தவரும் அவர்தான்.

"கண்ணு, கவர்மெண்டுல புதுசா ஒரு திட்டம் வந்திருக்குது. வீணாப் போற பழத்தைக் காப்பாத்தறதுக்கு மானியம் தர்றாங்க. கட்டடம், அடுப்பு, பாத்திரம் எல்லாம் அவங்களே. நம்ம பொம்பளைங்க ஜாம் காச்சலாம், நெழல்ல உக்காந்து சம்பாரிக்கலாம். உன் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும், மனு எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'மரத்தடியில் விழும் பழங்கள் யாருக்கும் பயன்படாமல் அழுகிப்போகின்றன' என்ற வரி வந்தபோது பேனா நின்றது.

"நாங்க பொறுக்கறோமுங்களே மாமா?"

"ஆபீசுக்கு அப்படித்தான் எழுதோணும் சாமி. எல்லாம் நல்லா இருக்குதுன்னு எழுதுனா எவன் காசு குடுப்பான்?"

எழுதினேன். பெண்கள் பத்து பேர் கீழே கைநாட்டு வைத்தார்கள், பதினோராவதாக நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆவணியில் சேலத்திலிருந்து அதிகாரி பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. மாமா மறுபடி கூப்பிட்டார். தரை இப்படிச் சுத்தமாக இருந்தால் எதைக் காட்டுவது, நாலு நாள் யாரும் பொறுக்காமல் இருக்கச் சொல் என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக வீடு வீடாகப் போய்ப் பேசினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எல்லாரும் சரி என்றார்கள். மேல்காட்டு அக்கா மட்டும் யோசித்தார்.

"நாலு நாளா? எங்கூட்டு மாடு என்னைய மொறைக்குமே. அதுக்கு ஆரு பதில் சொல்றது? நீ வந்து சொல்றியா?"

"நான் சொல்றனுங்க்கா."

"வாயே தொறக்காதவ இன்னிக்கு இத்தனை பேசறாளே, அதுக்காச்சும் ஒத்துக்கோணும்" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "உன்ற மாமன நான் நம்பல. உன்னைய நம்பறேன்" என்றார்.

நாலு நாளும் மழை. மூன்றாம் நாளே எஸ்டேட் முழுக்கப் புளித்த வாடை. குளவிகள் மொய்த்தன. ராத்திரி காய் விழுகிற சத்தம் லைன் வரைக்கும் கேட்டது. அக்கா வீட்டில் அந்த நாட்களில் மறுவிதைப்புக்கு மிச்சம் வைத்திருந்த சாமை விதையைக் குத்திக் கஞ்சி காய்ச்சினார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதிகாரி வந்தார். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நடந்தார். கூட வந்தவர் எங்களையும் நிற்க வைத்துப் படம் பிடித்தார். "அடப்பாவமே, எவ்வளவு உணவு!" என்று அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. எதைக் காட்டினோமோ அதைப் பார்த்தார்.

அடுத்த ஆனியில் ஜாம் காய்ச்சும் கூடம் கட்டி முடிந்தது. எஸ்டேட் நிலத்தில், எஸ்டேட் பெயரில். ஆடி பிறந்து முதல் காய்கள் விழத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. நாங்கள் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனோம். உள்ளே சுவரில் அந்தப் படங்களைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அழுகல் காய்க்கு நடுவே நாங்கள் பதினோரு பேர் நிற்கிறோம். பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் கையெழுத்தில் அந்த மனு. வாசலில் புதுப் பலகை: விழுந்த பழங்கள் அனைத்தும் கூடத்துக்கு உரியவை, வெளியாட்கள் எடுக்கக் கூடாது.

படிக்கத் தெரியாத அக்கா என்னைத்தான் கேட்டார். "என்ன கண்ணு போட்டிருக்குது?"

படித்துச் சொன்னேன். அக்கா விழா முடியும்வரை நிற்காமல் வீட்டுக்கு நடந்தார்.

கூட்டம் கலைந்ததும் மாமாவிடம் போனேன். மாலையைக் கழற்றிக் கொண்டிருந்தார்.

"மாமா, ஜாம் காச்சற வேலை எங்களுக்குன்னீங்களே?"

"மெசினு வந்திருச்சு கண்ணு. அதுக்குப் பழகின ஆளுக சேலத்துல இருந்து வர்றாங்க. நம்மளுக்குக் கழுவறதுக்கு ரெண்டு பேரு போதும். உனக்கு ரிஜிஸ்டர் எழுதற வேலை சொல்லி வெச்சிருக்கேன்."

"பொறுக்கறதையாவது விடுங்க மாமா. மேல்காட்டு அக்கா ஊட்டுல வேற ஒண்ணுமில்லீங்க."

"வீணாப் போவுதுன்னு நீதானே எழுதிக் குடுத்தே? இப்ப நீங்க பொறுக்கறீங்க, வீணாப் போகலேன்னு தெரிஞ்சா, ஆபீசுல என்னைய இல்ல, உன்னையத்தான் கேப்பாங்க."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் என் ஜெபப் புத்தகத்தில் தப்பைத் திருத்துவாரே, அதே குரல். எனக்காகப் பேசுகிறவர் என்று பிறந்ததிலிருந்து நினைத்திருந்த ஒருவர், என்னையே சாட்சியாக நிறுத்தி வைத்திருந்தார். முதல் நாளே தெரிந்துதான் எழுதச் சொன்னாரா, நடுவில் மனம் மாறினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை. ரிஜிஸ்டர் வேலை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா வீட்டுக்குப் போனபோது கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சுருங்க்கா. எனக்குத் தெரியாதுங்க."

"மனுவுல பொய் எழுதுனது தெரியும்ல?"

"தெரியுமுங்க."

"அப்பறம் என்ன தெரியாது?" என்றார். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டுத் துணிகளை மடிக்கச் சொன்னார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அக்கா பிள்ளைகளோடு அடிவாரத்துக்குப் போனார். அங்கே செங்கல் சூளையில் ஆள் எடுத்தார்கள்.