பேடோடு வருகிறவர்களுக்கு ஒரே பதில்

படிவம் நிரப்புவது என் பிழைப்பு. திருவொற்றியூரில் தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மனு எழுதுகிறேன். சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். பத்து வருஷமாக இதைச் செய்கிற ஒருத்திக்கு ஒரு காகிதத்தைப் பார்த்தாலே அது எதற்காக வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பெயர், வயது எல்லாம் சும்மா. விஷயமுள்ள கேள்வி நடுவில் எங்காவது ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அதனால், மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒருநாள் பள்ளியிலிருந்து ஒரு படிவத்தை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தபோது முதலில் நடுப்பகுதியைத்தான் படித்தேன். 'தற்போதைய முகவரியில் எத்தனை ஆண்டுகளாக வசிக்கிறீர்கள்?' அதற்குக் கீழே, 'வீடு சொந்தமா, வாடகையா?' அப்புறம்தான் தலைப்புக்குப் போனேன். எண்ணூர்ப் பக்கம் இருக்கும் ஒரு கம்பெனியின் ஊழியர்கள் வெள்ளிக்கிழமைதோறும் மதியம் ஒரு மணி நேரம் பள்ளிக்கு வந்து, பிள்ளைக்கு ஒருவராக உட்கார்ந்து, பேசிப் படிக்க வைப்பார்களாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடையாது. பாதியில் படிப்பை விட்டுவிடுவார்களோ என்று பள்ளிக்கூடம் பயப்படும் பிள்ளைகளுக்கு மட்டும்.

அந்தப் பட்டியலில் என் மகள் இருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கே மனு எழுதுகிறவளுடைய பெண் படிப்பை விட்டுவிடுவாளா? மறுநாளே பள்ளிக்குப் போய்க் கேட்டேன். டீச்சர் பொறுமையான மனுஷி. என் மகளின் நோட்டைப் பிரித்துக் காட்டினார். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்ன பக்கங்களில் என்னென்னவோ கிறுக்கல்தான் இருந்தது, எழுத்து என்று ஒன்றுகூட இல்லை. வீட்டில் பாடத்தைக் கடகடவென்று படிக்கிறாளே என்றேன்.

"ஒப்பிக்கிறாம்மா. மத்த புள்ளைங்க படிக்கிறத காதால கேட்டு வச்சிக்கிறா. பக்கத்தைத் திருப்பாமயே அடுத்த பக்கத்தை ஒப்பிக்கிறா," என்றார் டீச்சர்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தை மறைக்க, அந்தக் கம்பெனி எதற்காக இங்கே வருகிறது என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். மேலே அனுமதி கொடுத்துவிட்டார்கள், தனக்கு வேறொன்றும் தெரியாது என்றார், பாவம்.

நான் சந்தேகப் பிராணிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணமில்லாமல் இல்லை. எங்கள் தெரு கால்வாய் ஓரம் இருக்கிறது. முன்பு ஒருமுறை, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கிளிப் வைத்த பேடுமாக நாலு பேர் வந்து, கொசு ஒழிப்புக்குக் கணக்கெடுக்கிறோம் என்றார்கள். நாங்களும் மோர் கொடுத்து உட்கார வைத்து, எத்தனை பேர், எத்தனை வருஷம், என்னென்ன குறை என்று எல்லாம் சொன்னோம். கொசு ஒழியவில்லை. இரண்டு மாதம் கழித்து எல்லாக் கதவிலும் சிவப்புப் பெயிண்டில் எண் விழுந்தது. கால்வாய் ஓரத்தைக் காலி பண்ணி எங்களை ஊருக்கு வெளியே எங்கோ அடுக்குமாடிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அந்த எண் இன்னும் கதவில் இருக்கிறது. இடிக்கவும் இல்லை, இடிக்க மாட்டோம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

அதிலிருந்து தெருவுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். பேடோடு யார் வந்தாலும் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். முப்பது வருஷமாக இருக்கிறோம், எல்லாம் நன்றாக இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை. குறை சொன்னால் அதையே காரணமாக எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். தண்ணீர் நாறுகிறது என்றால் குடியிருக்க லாயக்கில்லாத இடம், பிள்ளைக்கு இருமல் என்றால் சுகாதாரமில்லாத இடம். பெரியவர்கள் சமாளித்துக்கொள்வோம், பிள்ளைகள் உளறிவிட்டால்? அதனால் அவர்களுக்கும் பழக்கினோம். என் வீட்டு வாசலில் நானே பேடு பிடித்த ஆள் மாதிரி நின்று என் மகளைக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

"வூட்ல எதுனா கஷ்டம் இருக்குதாமா?"

"இல்ல சார். எல்லாம் நல்லா கீது."

"ஒடம்புக்கு எதுனா?"

"நல்லா கீது சார்."

"கரெக்ட்டு. எதுனா கொற சொன்ன, வூட்ட இட்ச்சிட்டு பூடுவாங்க. புரிஞ்சிதா?"

தலையை ஆட்டுவாள். ஒருமுறை சொன்னால் போதும், மறக்க மாட்டாள்.

என் கணவர் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுக வரிசையில் இரண்டு நாள் காத்துக் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தவரிடம் படிவத்தைக் காட்டினேன். "நம்ம கொயந்த மேல அவுங்களுக்கு இன்னாமே திடீர்னு இம்மாம் பாசம்?" என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால், ஏன் போடவில்லை என்று கேட்க ஒரு பேடு வரும். முப்பது வருஷம், சொந்த வீடு, குறை ஒன்றும் இல்லை என்று நிரப்பி அனுப்பினேன்.

மகளிடமும் சொன்னேன். "அந்தக் கம்பெனி மிஸ்ஸும் பேடுக்காரங்கதான். இன்னா கேட்டாலும் நல்லா கீதுன்னு மட்டும் சொல்லு."

என் மகளுக்கு வாய்த்தவள் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். தூத்துக்குடிப் பக்கம். கம்பெனி லேபில் எந்திர எண்ணெயைச் சோதித்துப் பார்க்கும் வேலையாம். நீலச் சட்டையும் கனமான ஷூவுமாக வருவாள். பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தாள். கொசுவுக்கு வந்தவர்களும் சாதுவாகத்தான் இருந்தார்கள். அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் தன் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதுவாள் என்று மகள் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் வீட்டில் விசாரணைதான்.

"இன்னிக்கு இன்னா கேட்டாங்க?"

"காலைல இன்னா சாப்ட்டன்னு."

"நீ?"

"நல்லா சாப்ட்டேன்னு சொன்னேன்."

"அப்பால?"

"போர்டுல எய்துனது தெரியுதான்னு கேட்டாங்க. நல்லா தெரியுதுன்னு சொன்னேன்."

கெட்டிக்காரி என்று கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தேன். அந்த முத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

நடுவில் கம்பெனியே ஒரு கண் பரிசோதனை முகாமும் வைத்தது. பள்ளி வாசலில் பெரிய பேனர். என் மகளைப் போட்டோ எடுக்கவிடக் கூடாது என்பதற்காகவே கடையில் சொல்லிவிட்டு வந்து நின்றேன். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தூரத்தில் மாட்டிய அட்டையில், மூன்று கால் வைத்த அந்த ஆங்கில எழுத்து வெவ்வேறு பக்கம் திரும்பி இருந்தது. கால் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் விரலைக் காட்டிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். என் மகள் வரிசையில் கடைசிக்கு முன்னால் நின்றாள். அவள் முறை வந்ததும் மேல, வலது, கீழ, எடது என்று தயங்காமல் சொன்னாள். ஒரு கண்ணை மூடச் சொன்னார்கள், சொன்னாள். மறு கண்ணை மூடச் சொன்னார்கள், அதற்கும் சொன்னாள். பேடு வைத்திருந்தவர் டிக் அடித்தார். குறை இல்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமைகளில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் பள்ளிக்குப் போய்ப் பின்பக்க ஜன்னலோரம் நிற்க ஆரம்பித்தேன். வேவு பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் சிக்கவில்லை. அந்தக் கம்பெனிப் பெண் கதை சொன்னாள், கட்டம் போட்டு விளையாடினாள். மூன்றாவது வாரம் அந்தப் பெண் அறையின் ஒரு மூலையில் என் மகளை நிற்க வைத்து, தான் எதிர் மூலைக்குப் போனாள். பையிலிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்தாள். பெட்டி அட்டையில் அதே மூன்று கால் எழுத்தை வெட்டி வைத்திருந்தாள். கால் மூன்றும் கீழே பார்க்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எந்தப் பக்கம்?"

"மேல," என்று விரலைத் தூக்கினாள் என் மகள்.

"இப்ப?"

"வலது."

"இப்ப?"

"கீழ."

"இப்ப?"

"எடது."

நாலு பதிலும் சொல்லிவிட்டு, முழு மார்க் வாங்கியவள் மாதிரி சிரித்தாள். அந்தப் பெண் அட்டையை அசைக்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், ஒரு தடவைகூட அவள் கை திரும்பவில்லை.

முகாமில் முன்னால் நின்ற பிள்ளைகள் சொன்னதைக் காதால் கேட்டுத்தான் ஒப்பித்திருக்கிறாள் என்று புரிந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது கோபம்தான். உள்ளே போய்க் கத்தினேன். "இன்னாம்மா, எம்பொண்ண வச்சி கிண்டல் பண்ணிகினு கீறியா? யாரு உன்ன டெஸ்ட்டு பண்ண சொன்னது?"

"அக்கா, கோவப்படாதீங்க. நீங்க ஜன்னல்ல நிக்கது எனக்குத் தெரியும். மூணு வாரமா நிக்கீங்க," என்றாள் அவள். "பாக்கட்டும்னுதான் இன்னைக்குச் செஞ்சேன். லேப்ல மொத ரீடிங்க நாங்க நம்பவே மாட்டோம்க்கா. இந்தப் பிள்ள எதைக் கேட்டாலும் நல்லா இருக்குன்னே சொல்லுதா. எந்த எண்ணெயும் அவ்வளவு சுத்தமா இருக்காது. அதான் சந்தேகம் வந்துச்சு."

எனக்குச் சரியான ஜோடிதான் வந்து வாய்த்திருக்கிறாள் என்று அந்தக் கோபத்திலும் தோன்றியது. நோட்டைக் காட்டு என்றேன். தயங்காமல் நீட்டினாள். என் தொழில் புத்தியில் முதலில் நடுப்பக்கத்தைத் திறந்தேன். வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தெருவைப் பற்றி இல்லை, அப்பாவைப் பற்றி இல்லை. 'புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகிறாள். தலையை இடது பக்கம் சாய்க்கிறாள். பந்து கிட்டே வந்த பிறகுதான் கை நீள்கிறது. கேட்டால் நன்றாகத் தெரிகிறது என்கிறாள்.' பக்கம் பக்கமாக இதுதான் இருந்தது. தலையைச் சாய்க்கிறாள் என்பது எனக்கும் தெரியும். திமிர் என்று நினைத்து, நேராகப் பார் என்று தலையில் குட்டியிருக்கிறேன்.

"இத்த கம்பெனிக்கு குடுப்பியா?" என்று அப்போதும் கேட்டேன்.

"கம்பெனிக்கு வேற ஷீட்டு இருக்குக்கா. பிள்ள வந்துச்சா, சந்தோஷமா இருந்துச்சான்னு டிக் அடிச்சாப் போதும்," என்றாள்.

உடனே கண் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், தானும் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கம்பெனி எதற்காக எங்கள் பள்ளிக்கு வந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் படிவத்தில் வீட்டைப் பற்றி ஏன் கேட்டார்கள் என்றும் தெரியாது. அந்தப் பெண்ணிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. அவளை நம்புகிறேன், கம்பெனியை நம்பவில்லை. இரண்டும் ஒரே மனசில் இருக்கிறது, என்ன செய்வது.

அடுத்த திங்கட்கிழமை விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, மகளை அரசு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா அவள் கண்ணில் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். கண்ணில் மருந்து விட்டு உட்கார வைப்பதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டு கண்ணிலும் பவர் அதிகம், அதில் இடது கண் ரொம்ப மோசம், அதைப் பயன்படுத்தாமலே விட்டிருக்கிறாள் என்றார். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடி வைத்து, இதைப் பழக்க வேண்டும். இன்னும் சின்ன வயதிலேயே கொண்டுவந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், இனிமேல் எவ்வளவு பார்வை திரும்பும் என்று போகப் போகத்தான் சொல்ல முடியும்.

"முன்னாடி யாரும் கண்ணைச் செக் பண்ணலையா?"

"பண்ணாங்க மேடம். நல்லா கீதுன்னு சொன்னாங்க," என்றேன். யார் சொன்னது, யார் சொல்ல வைத்தது என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு மகளை நாற்காலியில் உட்கார வைத்து வலது கண்ணை மூடினார். அட்டையைக் காட்டினார். மடியில் பேடு, கையில் பேனா.

"என்ன தெரியுது பாப்பா?"

"நல்லா தெரியுது."

"எந்தப் பக்கம்னு சொல்லு."

"மேல. வலது. கீழ. எடது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "இவ நிஜத்தைச் சொன்னாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும்," என்றார்.

நான் அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். "பாப்பா, இன்னா தெரியுதோ அத்த மட்டும் சொல்லும்மா. அம்மா கீறன் இல்ல," என்றேன். குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். திறந்திருந்த அந்தக் கண் என்னைத் தேடியது. என் மேல் நிற்காமல் தாண்டிப் போய், சுவரில் மாட்டியிருந்த டாக்டரம்மாவின் வெள்ளை அங்கியில் போய் நின்றது. அதைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"தெரியலன்னு சொன்னா வூட்ட இட்ச்சிட மாட்டாங்களாம்மா?"

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது.

"இட்ச்சா இட்ச்சிகினு போட்டும். நீ சொல்லு."

"ஒண்ணுமே தெரியலம்மா," என்றாள், அந்த அங்கியைப் பார்த்து.