கால் சரியானால் கிரிவலம்

போன பௌர்ணமிக்கு மறுநாள் காலை. எங்கள் மாடியில் குடியிருக்கும் செல்வி, மகள் கவிதாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். கவிதாவின் வலது கணுக்கால் வீங்கிப் பளபளத்தது.

இது இரண்டாவது வீக்கம். முதல் வீக்கத்துக்கு ஒரு முன்கதை உண்டு...

போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் கவிதா பாஸ். பாக்கி இருந்தது உடல்தகுதித் தேர்வு — ஓட்டம், தாண்டல். கிரவுண்டில் நீளம் தாண்டிப் பழகும்போது கால் பிசகி, கணுக்கால் எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் லேசாகக் கிழிந்துவிட்டது. எண்ணெய் போட்டு உருவிவிட அன்றைக்கே ஆள் தயார். நல்லவேளை, செல்வி டாக்டரிடம் போனார். ஐஸ் ஒத்தடம், இறுக்கக் கட்டு, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து ஓய்வு, பிறகு பிசியோதெரபி. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

பிறகு என்ன கோளாறு? செல்வி வேண்டிக்கொண்டுவிட்டார். கால் சரியானால் பெண் கிரிவலம் வருவாள் என்று.

வலி போனது. நொண்டலும் போனது. சரியாகிவிட்டதல்லவா... அப்புறம் போகாமல் எப்படி? பிசியோதெரபிஸ்ட் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். வலி நிற்பது வேறு, லிகமென்ட் ஆறுவது வேறு. ஒற்றைக் காலில் ஆடாமல் நிற்க வந்த பிறகுதான் நீண்ட நடை, அதற்கும் பிறகுதான் ஓட்டம் என்றார்.

தேர்வு முடிந்து போகக்கூடாதா என்று நானும் செல்வியிடம் கேட்டுப் பார்த்தேன்.

"சாமிக்குச் சொன்னத செய்யாம ஓடப் போயி, ஏதாச்சும் ஆயிட்டா யாருங்க சார் பதில் சொல்றது?"

அந்தப் பயத்துக்கு எந்த எக்ஸ்ரேயும் பதில் சொல்லாது. கவிதாவுக்கும் உள்ளூர அதே பயம்தான். கிளம்பிவிட்டார்கள்.

பதினான்கு கிலோமீட்டர். வெறுங்கால். பௌர்ணமிக் கூட்டத்தில் நின்று நிதானிக்கவும் முடியாது. பாதி வழியில் கால் மடங்கியது. மீதியையும் நடந்தே முடித்தாள் — பாதியில் விட்டால் வேண்டுதல் கணக்கில் சேராதாம்!

உடல்தகுதித் தேர்வு இந்த வாரம் நடந்தது. கவிதா போகவில்லை. விடிகாலையில் எழுந்து ஓடிய ஓட்டமெல்லாம் வீண். எனக்கே மனசு ஆறவில்லை. ஆனால் யாரைக் குறை சொல்ல? காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தானே நாம் எல்லோரும்.

நேற்று பார்க்கப் போனேன். கவிதா படுத்திருந்தாள். செல்வி அழுது முடித்து, மலைப்பக்கம் திரும்பிக் கைகூப்பினார். அடுத்த வேண்டுதல் தொடங்கப்போகிறது என்பது புரிந்தது.

கவிதா தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"இந்தத் தடவ, பொண்ணு மொட்டை போட்டுப்பான்னு வேண்டிக்கம்மா. முடியில லிகமென்ட் இல்ல."