ரோதை இரும்பு

சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைத் தள்ளி வையுங்கள். சரடு என்று நினைப்பவர்கள் தலவாக்கலை பஜாரில் விசாரியுங்கள். சுதர்ஷினி வீட்டுக்குப் போய்வந்தவர்கள் நேற்று ராத்திரி சோற்றைத் தொடவில்லை.

சுதர்ஷினி, பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் சுப்பிரமணியத்தின் மகள். சிற்பம் படித்தவள். பல்கலைக்கழக வளாகத்தில் பெரிய உருக்குச் சிற்பம் வைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. முதல் வேலை அது. சிற்பத்துக்குக் கையும் இல்லை, முகமும் இல்லை, வளைவுக்குள் வளைவாக இரண்டு ஆள் உயரம். மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைத்த ரோதையை, அந்தப் பெரிய இரும்புச் சக்கரத்தை, பழைய இரும்புக்கடையில் வாங்கி வெட்டி ஒட்டியிருந்தாள்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் அது நாற ஆரம்பித்தது. சாதாரண நாற்றமா! ஆட்டுக்குடலை ஒரு வாரம் மூடிவைத்துத் திறந்த மாதிரி வீசியது. விழாவுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் ஜெயதீபன், யாழ்ப்பாணத்துக்காரர், மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, விடியிறதுக்குள்ள உந்த நாத்தம் போகவேணும். இல்லாட்டி கழட்டி எறியச் சொல்லிப்போட்டினம்."

"எப்படியாச்சும் கழுவிர்றேன் சார்."

மாலை. பனிமூட்டம் இறங்கிவிட்டது. வாளியும் பிரஷ்ஷுமாக ஒற்றை ஆளாய்த் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க, ஒட்டிய இடங்களிலிருந்து மஞ்சளாய்க் கொழுப்பு வழிந்தது. சீ... விரலெல்லாம் பிசுபிசுப்பு. அதில் மயிர் வேறு. கறுப்பாய், கட்டையாய். ஆட்டு மயிர்.

அவள் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டாள். தேய்ப்பதை விடவில்லை.

கடக்... கடக்... கடக்...

சிற்பத்தில் அசைகிற பாகமே கிடையாது. எல்லாம் அவளே பற்றவைத்தது.

கை வழுக்கியது. தகட்டின் விளிம்பு வலது உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தம் இரும்பில் கொட்டியது.

கீழே வழியவில்லை...

உள்ளே போனது.

சப்... சப்...

அப்புறம் சத்தம் இல்லை. நாற்றமும் இல்லை.

மறுநாள் விழா ஜாம்ஜாமென்று நடந்தது. கைக்கட்டோடு வீட்டுக்கு வந்தவளிடம் அப்பா விசாரித்தார். எந்தத் தொழிற்சாலை இரும்பு என்று தெரிந்ததும் மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி... அது ரோதைமுனி இருந்த இரும்பு. மாசி வந்தா ஆடு வெட்டி, ரோதைய ஓட்டுன அழகுமுத்துதான் ரோதையில ரத்தம் பூசுவாரு. பூசைச் சாமான் நம்ம கடையிலதான். ஒரு வருஷம் தோட்டத்துக்கு வந்த புதுத் தொரை பூசையே வேணாம்னுட்டாரு. அந்த மாசமே அழகுமுத்து கைய ரோதை தின்னிருச்சு."

"பூசைய நிறுத்துனது தொரைதானே? அழகுமுத்து என்னப்பா தப்புப் பண்ணாரு?"

"ரத்தம் குடுத்தது அவரு கைதானே. குடுத்த கையைத்தான் அது கேட்கும்."

விழா நடந்தது போன மாசியில். இந்த மாசியில் சுதர்ஷினி சிற்பத்துக்கு வெட்ட ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனாள். பல்கலைக்கழக வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நேற்றிலிருந்து அவள் வீட்டில் அதே நாற்றம். சிற்பத்தைப் போய் முகர்ந்து பார்த்தார்கள், ஒன்றுமில்லை.

அவள் வலது கையிலிருந்துதான் வருகிறது.