ஊற்றுத் தண்ணீரும் பதினாலு நாள் மாத்திரையும்

வயிற்றில் கிருமி என்று பெரம்பலூர் டாக்டர் சொன்னதும் எனக்குப் பயம் வந்தது. என் வீட்டுக்காரருக்கு யோசனை வந்தது. எங்கள் அப்பா வயிற்றெரிச்சலைச் சோடா குடித்தே தள்ளிப்போட்டு, கடைசியில் இரைப்பைப் புற்றில் போனவர். எனக்கும் அதே எரிச்சல். பதினாலு நாள் மாத்திரை, பிறகு மறுபடியும் சோதனை என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். கனிமச் சத்துள்ள தண்ணீர் வயிற்றுக் கிருமியை அடக்குமாம் என்று போனில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டார். விடுவாரா? கைவிட்ட சுரங்கக் குழியில் கசியும் ஊற்றிலிருந்து இரண்டு கேன் பிடித்து வந்து இறக்கினார்.

காய்ச்சினேன். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தது. எங்கள் ஊரில் அதைப் பார்த்தால் புளி போட்டுத் தேய்ப்போம். இவர் நகத்தால் சுரண்டிக் காட்டி, "பாரு, எம்புட்டு சத்து!" என்று பூரித்தார். மாத்திரையையும் அதிலேயே போட்டால் இரட்டைப் பலன் என்பது அவர் கண்டுபிடிப்பு. என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, பதினாலு நாளும் மடக் மடக்கென்று குடித்தேன்.

மறு சோதனையில் கிருமி குத்துக்கல்லாட்டம் அப்படியே இருந்தது.

"மாத்திரைய ஒழுங்கா போட்டீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"ஒரு வேளைகூட விடலைங்க."

"எந்தத் தண்ணில போட்டீங்க?"

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊற்றின் பெருமையைச் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த மாதிரித் தண்ணிய வெச்சு ஆராய்ச்சி நடக்குது, இல்லைன்னு சொல்லலைங்க. ஆனா மருந்துக்குப் பதில் அது ஆகாது. இதுல ஒரு மாத்திரை சுண்ணாம்புச் சத்தோட சேர்ந்தா உடம்புல சரியா ஏறாது. அதுவும் காரணமா இருக்கலாம். மருந்த மாத்தித் தரேன், கடைல விக்கிற கேன் தண்ணில போடுங்க."

வெளியே வந்ததும் அவரை ஒரு பிடி பிடித்தேன். "சத்தாம், பெரிய சத்து! லாரி ஓட்டச் சொன்னா வைத்தியம் பாக்குறீங்களா?"

எப்போதும் எதிர்த்துப் பேசுகிற மனுஷன் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "உங்கப்பா மாதிரி ஆயிருவியோன்னு பயந்துட்டேன். சும்மா இருக்க முடியல," என்றார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

இரண்டாவது பதினாலு நாளும் கடைக் கேனிலிருந்து அவரே ஊற்றிக் கொடுத்து, நான் விழுங்கும்வரை முறைத்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை சோதனையில் கிருமி இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதேன்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மேல்வயிற்றைத் தடவிக்கொண்டே, இரண்டு மாசமா எரியுது என்று சொன்னார். போச்சுடா என்று நினைத்தேன். இவர் வாயைத் திறந்தார். தொடையில் கிள்ளத் தயாராக இருந்தேன்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போயிருங்கண்ணே," என்றார். "காலைல ஏழு மணிக்கே டோக்கன் குடுத்துருவாங்க. எங்க மாமனாரை நாங்க லேட்டாத்தான் கூட்டிட்டுப் போனோம்."