ஐந்தாவது ஆள்

அணித்தலைவன் கால் மாற்றி நிற்கக் கூடாது. கடேட் பயிற்சியில் எனக்கு முதலில் சொல்லித் தந்தது அதுதான். நீ அந்தரப்பட்டால் முன்னால் நிற்கிற எட்டுப் பேரும் அந்தரப்படுவான்கள் என்றார் சார்ஜண்ட். தம்பி போன பிறகு என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சாப்பிடும்போதும் ஆடியது.

அந்த எட்டுப் பேரில் ஐந்தாவது ஆள் என் தம்பி. ஏழு நாள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனான். சண்டைக் காலம் என்பதால் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் "குண்டோ?" என்றுதான் கேட்டார்கள். "இல்லை, காய்ச்சல்" என்றால் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் கொஞ்சம் நிம்மதிப்பட்டது போலவும் இருந்தது. எனக்கு அவர்களை அடிக்க வேண்டும் போல வந்தது.

படிப்பு எனக்கு ஓடாது. கடேட் மட்டும்தான் ஓடியது. அதனால் தம்பியின் எட்டாம் நாள் சடங்கு முடிந்த அடுத்த சனிக்கிழமையே மைதானத்துக்குப் போனேன். அணி புறப்பட முதல் தலைவன் எண்ணச் சொல்ல வேண்டும். இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவனும் தன் இலக்கத்தைச் சிங்களத்தில் கத்துவான். எங்கள் கட்டளைகள் எல்லாம் சிங்களம்தான். எக்க, தெக்க, துன, ஹத்தர என்று வந்தது. அடுத்தவன் 'பஹ' என்று சொல்லாமல் ஒரு மூச்சு விட்டுவிட்டு "ஹய" என்றான். ஐந்தை விட்டு ஆறு. ஒருவனும் முன்பே பேசி வைக்கவில்லை. நான் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. அந்த ஒரு மூச்சு நேரத்துக்குள் தம்பி நின்றான்.

மூன்றாவது சனிக்கிழமை கொள்ளுப்பிட்டியில் இன்னொரு கல்லூரி மைதானத்தில் பயிற்சி. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் நடந்து போக வேண்டும். மாஸ்டர் கையெழுத்து வைத்த கடிதத்தில் தன்னைத் தவிர எத்தனை மாணவர்கள் என்பதை அணித்தலைவன் நிரப்புவான். நான் எட்டு என்று எழுதினேன். மறந்து எழுதவில்லை.

"மச்சான், உனக்கு ஏலாட்டி இரு. நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றான் நாலாம் இலக்கம்.

"போடா, உன்ர பின்னால வந்தா மற்றப் பக்கம் மொறட்டுவைக்குத்தான் போய்ச் சேருவம்" என்றான் கடைசியில் நின்றவன். எல்லாரும் சிரித்தான்கள். நானும் சிரித்தேன். அதற்குள் கால் நடக்கத் தொடங்கிவிட்டது.

பம்பலப்பிட்டிச் செக்பொயின்டில் மறித்தார்கள். ஆமிக்காரனுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கடிதத்தைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்.

"உன்னை விட்டு எட்டுப் பேர் எண்டு போட்டிருக்கு. மற்றவன் எங்க?" சிங்களத்தில் கேட்டான்.

காணாமல்போன ஒரு தமிழ்ப் பெடியன் என்றால் இயக்கத்துக்குப் போனவன் என்றுதான் அந்த நாளில் அர்த்தம் என்று எங்கள் ஏழு வயது மச்சாளுக்கும் தெரியும்.

"எண்ணுங்கோ" என்றான் அவன்.

பழக்கத்தில் எண்ணினான்கள். எக்க, தெக்க, துன, ஹத்தர. ஒரு மூச்சு. ஹய.

அவன் துவக்கைக் கொஞ்சம் திருப்பினான். "அஞ்சாவது ஆள் எங்க?" மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்த மற்றவனும் எழும்பினான். ஏழு பேரும் ஆமிக்காரனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்கள்.

"மகே மல்லி" என்றேன். என்ர தம்பி. "மெருணா." செத்துப்போனான்.

"போம்பத?" குண்டோ?

"நே. உண." காய்ச்சல் என்று எத்தனையோ பேருக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன். சிங்களத்தில் சொல்லும்போதுதான் உண்மையாகச் செத்தான்.

அவன் கடிதத்தை என்னிடம் நீட்டினான். பிறகு பொக்கெட்டிலிருந்து பேனையை எடுத்துத் தந்தான். "அப்ப ஏழு எண்டு எழுது, மல்லி."

மணல் மூட்டையில் கடிதத்தை வைத்து எட்டை வெட்டினேன். சாக்கு மேடு பள்ளத்தில் ஏழு கோணலாக விழுந்தது. திரும்பி வந்து அணிக்கு முன்னால் நின்று, எண்ணச் சொன்னேன்.

ஹத்தர வரைக்கும் வந்து நின்றது. ஐந்தாவதாக நின்றவன் என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"சொல்லடா" என்றேன்.

"பஹ" என்று கத்தினான்.

கொள்ளுப்பிட்டி வரைக்கும் அந்தப் புது ஐந்தாவது ஆளை முன்னால் விட்டு நான் பின்னால் நடந்தேன். கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. நடக்கிறவனின் கால் ஆடுவது ஒருவருக்கும் தெரியாது.