கை நனைக்காமல் உட்கார்ந்த விருந்து

போனவர்கள்: நான். என் வீட்டுக்காரர். என் மகள். அந்தப் பக்கம் பையன். பையனின் அப்பா. பையனின் அம்மா. அவன் அப்போது மாப்பிள்ளை ஆகியிருக்கவில்லை. அதனால்தான் பையன் என்கிறேன்.

குமணன்சாவடி தாண்டி பெங்களூர் ரோட்டில் புதிதாகத் திறந்த ஏ.சி. ஓட்டல் அது. தொண்ணூறுகளின் கடைசி. சீனா, தாய்லாந்து, ஜப்பான் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று வாசலில் எழுதியிருந்தது.

பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பிடித்துவிட்டது. அடுத்து நாங்கள் பையன் வீட்டைப் பார்க்கப் போக வேண்டும். வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள், ஓட்டலுக்கே வாங்க என்றார் பையனின் அப்பா. அண்ணனூர் பக்கம் மனை வாங்கி விற்று மேலே வந்தவர்.

எங்கள் ஜனத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடியும்வரை பெண் வீட்டார் பையன் வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் தின்றாலும் எல்லாவற்றுக்கும் சரி என்று அர்த்தம். அவர் செலவில் தின்றால் ஓட்டலும் அவர் வீடுதான்.

பேச்சில் பாக்கி ஒன்றுதான். என் மகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். பஸ்ஸில் வரும்போது சொன்னாள். "வேலைய உட மாட்டேம்மா. அத்த மட்டும் கேட்டு வாங்கு."

உள்ளே சுவர் முழுக்க சிவப்பு டிராகன். லைட் நிறைய இருந்தது, வெளிச்சம் இல்லை. ஆர்டர் எடுக்க வந்த தம்பி சீனச் சட்டையும் குல்லாவும் போட்டிருந்தான். எந்த ஊர் என்று கேட்டேன்.

"வேப்பம்பட்டுக்கா."

சூப் வந்தது. "சாப்டுங்க சம்மந்தி," என்றார் பையனின் அப்பா. என் வீட்டுக்காரர் ஸ்பூனை எடுத்தார். மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். வைத்துவிட்டார்.

"பொண்ணு வேலைக்குப் போறதப் பத்திப் பேசிடலாம்ணே," என்றேன்.

"துண்ணுகினே பேசலாம்மா. ஆறிடும்."

"பேசிட்டுத் துண்ணலாம்."

அவர் தம்பியைக் கூப்பிட்டு நூடுல்ஸ் சொன்னார். திரும்பக் கேட்டேன். இறால் சொன்னார். கேட்கக் கேட்க தட்டு வந்தது, பதில் வரவில்லை. வந்தவர்கள் கை வைக்காமல் கூப்பிட்டவர்கள் தின்ன முடியாது. அதனால் ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பன்னீர் மாதிரி ஒன்று வந்தது. பன்னீர் இல்லையாம். "இது ஜப்பான்ல இன்னா வெல தெரியுமா?" என்றார். அவர் ஜப்பான் போனதில்லை. பாஸ்போர்ட் எடுத்திருந்தார்.

பிறகு இரண்டு குச்சியால் எப்படித் தின்பது என்று காட்டினார். காட்டத்தான், தின்ன இல்லை. குட்டிச் சோளம் ஒன்று தாவிப்போய் அவர் மனைவி மடியில் விழுந்தது. புதுப் பட்டு. அந்த அம்மா அதை எடுத்து வாய் வரைக்கும் கொண்டுபோய், ஞாபகம் வந்து தட்டில் வைத்தார்.

அந்த அம்மாவின் கோபம் என் மகள் மேல் திரும்பியது. "எங்க ஊட்ல இன்னா கொற? ராணி மாதிரி குந்திகினு இருக்கலாமே."

"சும்மா குந்தினா முதுகு வலிக்கும் அத்தை."

"ஆபீஸ்லயும் குந்திகினுதான கீற?"

"அங்க சம்பளம் குடுக்கறாங்க அத்தை."

பையன் சிரித்துவிட்டான். அவன் அப்பா பார்த்ததும் தண்ணீர் குடித்தான்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்தார். "இறால் பெருசா கீது."

"பாத்துக்கோ," என்றேன்.

"பாத்துகினுதான் கீறேன்."

சீனத் தம்பி இன்னொரு தட்டோடு வந்து நின்றான். மேசையில் இடம் இல்லை. "எங்க சார் வைக்கறது?" என்றான். தட்டைப் பிடித்தபடி நின்றான்.

"நைனா, சரின்னு சொல்லிடு. அவங்க வேலைக்குப் போவட்டும்," என்றான் பையன்.

"நீ சும்மா இர்ரா."

"பசிக்குது நைனா."

நான் அவனைப் பார்த்தேன். "பசியில சொல்றியா தம்பி?"

"பசியிலதான் சொல்றேன் அத்தை. வயிறு ரொம்புனாலும் மாத்த மாட்டேன்."

அவன் அம்மா சோளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லித் தொலைங்களேன்," என்றார் புருஷனிடம்.

"சரி, போவட்டும்," என்றார் பையனின் அப்பா.

"எத்தினி நாளைக்குண்ணே?"

"அவ இஷ்டம் இருக்கற வரைக்கும். இப்பயாவது துண்ணுங்கம்மா."

நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். குச்சியையும் முள்கரண்டியையும் தள்ளி வைத்துவிட்டு, கையாலேயே ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள்.

"ஜில்லுனு கீது," என்றாள்.

எல்லாவற்றையும் சூடு பண்ணித் தரச் சொன்னார் பையனின் அப்பா. ஜப்பான் தட்டு ஒன்றை மட்டும் தம்பி விட்டுவிட்டான். அது ஆறித்தான் இருக்குமாம். மீதியைச் சமையல் கட்டுக்கு எடுத்துப் போனான். என் வீட்டுக்காரர் போன தட்டுகளை எண்ணிக்கொண்டே இருந்தார்.

பதினொன்று.